கொம்பு முன்னாலா, பின்னாலா?

தமிழ் டைப்ரைட்டிங் பழகியவர்களுக்கு நான் சொல்லப்போவது விரல் நுனியில் இருக்கும். ‘தேவை’ என்று அடிக்க வேண்டுமானால் முதலில் இரட்டைச் சுழிக்கொம்பு, அடுத்து ‘த’, அதற்கடுத்து சங்கிலிக் கொம்பு, கடைசியில் ‘வ’. காகிதத்தில் இடப்பக்கம் எது முதலில் நிற்கிறதோ அதுவே முதல் தட்டு. வாய் ‘தே’ என்று சொன்னாலும் விரல் கொம்பைத்தான் முதலில் தேடும். பிரெஞ்சு வழியில் படித்துவிட்டு, உத்தியோகத்துக்காகத் தமிழ்த் தட்டச்சு கற்றுக்கொண்ட எனக்கு இது முதலில் விநோதமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது.

கணினி வந்தபோது அந்த வழக்கம் மாறியது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டின் பயனாக வந்த தமிழ்99 விசைப்பலகையில் முதலில் ‘த’, பிறகு ‘ஏ’. அதாவது ஒலிக்கும் வரிசை. யூனிகோடும் அப்படித்தான்: மெய்யின் எண் முதலில், கொம்பின் எண் அடுத்து. திரையில் கொம்பை இழுத்து முன்னால் வைப்பது எழுத்துருவின் வேலை.

இரண்டு வழக்கமும் சரியானவை. தட்டச்சு வரிசையில் சேமித்த கோப்பைத் தட்டச்சு வரிசையில் படித்தால் ‘தேவை’தான் வரும். ஒலி வரிசையில் சேமித்ததை ஒலி வரிசையில் படித்தாலும் ‘தேவை’தான். ஒன்றில் எழுதியதை மற்றொன்றில் படித்தால்தான் வம்பு. அப்போது வருவது ‘ேதைவ’. பழைய கோப்புகளிலிருந்து தமிழை வெட்டி ஒட்டியவர்கள் எல்லோரும் இந்த ‘ேதைவ’யைப் பார்த்திருப்பீர்கள். எழுத்து ஒன்றுகூடக் குறையவில்லை, கூடவுமில்லை. வரிசை மட்டும்தான் போயிற்று.

இதே வம்பு இன்னும் ஒரு படி கீழே, எழுத்துக்கும் அடியில், எண்களிலேயே இருக்கிறது. அறுபது ஆண்டுக் கதை அது. ஆயிரக்கணக்கான நிரலாளர்களின் தூக்கத்தைக் கெடுத்தது. கடைசியில் அவர்கள் கண்டுபிடித்த மருந்து நம்மைப் போன்ற பழைய குமாஸ்தாக்களுக்கு மிகவும் பரிச்சயமானது. அதைத்தான் இன்று எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எண்பது எப்படி இருபதாயிரம் ஆகும்?

கணினியின் நினைவகத்தை ஒரே அளவுள்ள சிறு அறைகள் வரிசையாக உள்ள அலமாரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் அறைக்கும் பெயர் பைட். ஓர் அறையில் 0 முதல் 255 வரை ஏதாவது ஓர் எண் இருக்கலாம். அதைவிடப் பெரிய எண்ணுக்கு இரண்டு அறைகள், அல்லது நான்கு அறைகள் வேண்டும். இரண்டு அறையில் வைக்கும்போது ஓர் அறை ‘ஒன்றுகள்’, மற்றது ‘இருநூற்று ஐம்பத்தாறுகள்’. நாம் பத்து, ஒன்று என்று இடமதிப்பு வைப்பது போலத்தான்.

80 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். இணையத்தில் வலைத்தளங்களுக்கு என்று ஒதுக்கப்பட்ட கதவு எண் அது. இரண்டு அறையில் அதை வைத்தால் 256-இன் இடத்தில் 0, ஒன்றின் இடத்தில் 80. கேள்வி என்னவென்றால், அலமாரியில் எந்த அறை முதலில்? பெரிய இடமதிப்பை முன்னால் வைப்பவர் ‘0, 80’ என்று வைப்பார். சின்ன இடமதிப்பை முன்னால் வைப்பவர் ‘80, 0’ என்று வைப்பார். பின்னவர் வைத்ததை முன்னவர் படித்தால் 80 பெருக்கல் 256, அதாவது 20,480. கதவு எண் 80-ஐத் தட்டப்போனவர் 20,480-ஆம் கதவில் போய் நிற்பார்.

சென்னையில் இணையக் கருவிகள் செய்யும் நிறுவனமொன்றில் வேலை பார்க்கும் என் அண்ணன் மகன் இதை ஒரே வரியில் சொன்னான்: “சித்தப்பா, இது கணக்குத் தப்பு இல்லை, வாசிப்புத் தப்பு.”

மனிதர்களிடமும் இந்த வேற்றுமை உண்டு. நாம் ‘நூற்று இருபத்து நான்கு’ என்று பெரியதிலிருந்து சிறியதற்கு வருகிறோம். பிரெஞ்சிலும் ‘சான் வேந்த் காத்ர்’, அதே வரிசை. ஆனால் ஆசிரமத்துக்கு வரும் ஜெர்மானியர்களைக் கேட்டுப் பாருங்கள். அவர்கள் மொழியில் ‘நூறு, நான்கும் இருபதும்’. நூறு முன்னால் வந்து, ஒன்றும் பத்தும் தலைகீழாக நிற்கும். எழுதினால் எல்லோருக்கும் 124. சொல்லக் கேட்டு எழுதும் புதியவர்தான் 142 என்று எழுதிவிடுவார்.

இரண்டு கட்சிகள்

1964-இல் ஐ.பி.எம். அறிவித்த 360 வரிசைக் கணினிகள் பெரிய இடமதிப்பை முன்னால் வைத்தன. மனிதர் எழுதும் முறையும் அதுதான் என்பதால் படிக்க வசதி. அந்தக் குடும்பத்தின் அடுத்த தலைமுறையான 370 இயந்திரம் ஒன்று ஜெர்மனியின் உதவியோடு 1973-இல் சென்னை ஐ.ஐ.டி.க்கு வந்தது. தமிழ்நாட்டில் கணினி கற்ற முதல் தலைமுறையினர் பலர் அதில் துளை அட்டைகளைக் கொடுத்துக் காத்திருந்தவர்கள்தான். ஆக, அவர்கள் பழகிய வழக்கம் பெரியது முதல்.

மறுபக்கம், 1970-இல் வந்த பி.டி.பி.-11 சின்னதை முன்னால் வைத்தது. அதே காலத்தில் டெக்சாஸில் டேட்டாபாயிண்ட் 2200 என்று ஒரு மேசைக் கணினி வந்தது. அது செலவைக் குறைக்க ஒரு நேரத்தில் ஒரே ஒரு பிட்டாகக் கணக்குப் போட்டது. கூட்டல் கணக்கில் நாம் எங்கிருந்து ஆரம்பிக்கிறோம்? ஒன்றின் இடத்திலிருந்து. மீதியைப் பத்துக்குக் கொண்டுபோகிறோம். பிட் பிட்டாகக் கூட்டும் இயந்திரத்துக்கும் சின்ன முனை முதலில் கைக்கு வந்தால்தான் வேலை ஓடும். அதனால் அது சின்னதை முன்னால் வைத்தது. அந்த இயந்திரத்துக்காக வடிவமைக்கப்பட்டதுதான் இன்டெல் 8008 என்ற சில்லு (1972). டேட்டாபாயிண்ட் நிறுவனம் கடைசியில் அந்தச் சில்லைப் பயன்படுத்தவே இல்லை. ஆனால் 8008-இன் வழக்கம் 8080-க்குப் போயிற்று, அங்கிருந்து 1978-இல் 8086-க்கு, அதன் பிள்ளை பேரன்கள் வழியாக நம் வீட்டு மேசைக் கணினி வரைக்கும் வந்துவிட்டது. காரணம் மறைந்துபோய் அரை நூற்றாண்டு ஆகியும் வழக்கம் நிற்கிறது. அரசு அலுவலகத்தில் உழைத்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இருக்காது.

இரண்டு கட்சிக்கும் நடுவே போக்குவரத்து இல்லாத வரை சிக்கல் இல்லை. யூனிக்ஸ் என்ற இயக்குதளத்தை பி.டி.பி.-11-இலிருந்து வேறொரு இயந்திரத்துக்குக் கொண்டுபோனபோது, தன் பெயரை அச்சிட வேண்டிய நிரல் ‘யூ, என், ஐ, எக்ஸ்’ என்பதற்குப் பதிலாக ‘என், யூ, எக்ஸ், ஐ’ என்று அச்சிட்டதாக ஒரு கதை சொல்வார்கள். இரண்டிரண்டு எழுத்தாக இடம் மாறிவிட்டது. கணினிக்காரர்கள் இதை இன்றும் ‘நக்சி’ பிரச்சினை என்கிறார்கள்.

1980 ஏப்ரல் 1-ஆம் தேதி டேனி கோஹன் என்ற கணினி விஞ்ஞானி ஒரு கட்டுரை வெளியிட்டார். தேதியைப் பார்த்து விளையாட்டு என்று நினைக்க வேண்டாம், விஷயம் கனமானது. ஜோனதன் ஸ்விஃப்ட் 1726-இல் எழுதிய கல்லிவரின் பயணக் கதையில், அவித்த முட்டையைப் பெரிய முனையில் உடைப்பதா, சின்ன முனையில் உடைப்பதா என்று குள்ளர் நாட்டில் சண்டை நடக்கும். அங்கிருந்து பெயரை எடுத்து, கணினி உலகின் இரண்டு கட்சிக்கும் ‘பெருமுனையார்’, ‘சிறுமுனையார்’ என்று பெயர் வைத்தார். எந்த முனை என்பதைவிட, எல்லோரும் ஒரே முனையை ஒப்புக்கொள்வதே முக்கியம் என்பது அவர் வாதம்.

பௌர்ணமியன்று நம் ஊரில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் இலட்சக்கணக்கானோர் நடக்கிறார்கள். வலம் வருவதற்குச் சாஸ்திரக் காரணம் இருக்கட்டும். எல்லோரும் ஒரே பக்கமாகச் சுற்றுவதால்தான் அத்தனை பேரும் முட்டிக்கொள்ளாமல் வீடு திரும்புகிறார்கள் என்பது செங்கம் சாலையில் குடியிருக்கும் எங்களுக்குத் தெரியும். இணையத்துக்கும் அப்படி ஒரு பக்கம் முடிவாயிற்று. 1981-இல் வெளியான இணைய நெறிமுறை, கம்பியில் போகும் எண்கள் எல்லாம் பெருமுனை முதலாகவே போகும் என்று விதித்தது. சிறுமுனை இயந்திரங்கள் அனுப்பும்போது திருப்பிப் போட வேண்டும், வாங்கும்போது மறுபடி திருப்ப வேண்டும். இதற்கென்றே சின்னச் சின்னக் கட்டளைகளை 1983-இல் வெளிவந்த பெர்க்லி பல்கலைக்கழக யூனிக்ஸ் பரப்பியது. ‘என் வழக்கத்திலிருந்து வலை வழக்கத்துக்கு’ என்று ஒன்று, ‘வலை வழக்கத்திலிருந்து என் வழக்கத்துக்கு’ என்று ஒன்று.

சோதித்தாலும் சிக்காத தப்பு

விதி இருக்கிறது, கட்டளை இருக்கிறது, பிறகென்ன? திருப்ப வேண்டிய இடத்தில் ஒருவர் மறந்துவிட்டால் சோதித்துப் பார்க்கும்போது தெரிந்துவிடாதா என்று கேட்பீர்கள். பெரும்பாலும் தெரியாது. அதுதான் இதில் உள்ள விஷம்.

தேதியை வைத்துப் புரிந்துகொள்ளலாம். ஒரு வெளிநாட்டு அன்பர் படிவத்தில் 03/04 என்று எழுதுகிறார். பிரெஞ்சுக்காரர் என்றால் ஏப்ரல் 3. அமெரிக்கர் என்றால் மார்ச் 4. 25/04 என்று எழுதினால் நமக்கே தெரியும், இருபத்தைந்தாவது மாதம் கிடையாது. 05/05 என்று எழுதினால் எப்படிப் படித்தாலும் ஒன்றுதான். ஆனால் ஒவ்வொரு மாதத்திலும் முதல் 12 நாள்கள் இரண்டு விதமாகவும் படிக்க இடம் கொடுக்கும். ஆண்டுக்கு 144 தேதிகள். அதில் நாளும் மாதமும் ஒன்றாக உள்ள 12-ஐக் கழித்தால், 132 தேதிகளைத் தப்பாகப் படித்தாலும் ‘தப்பு’ என்று எதுவும் எழுந்து நின்று சொல்லாது.

பைட் விஷயம் இதைவிட மோசம். இரண்டு பைட்டில் அடங்கும் 65,536 எண்களில் எப்படிப் படித்தாலும் மாறாதவை 256 மட்டுமே. 0 ஒன்று, 257 ஒன்று, 65,535 ஒன்று, இப்படி. மற்றவை எல்லாம் மாறும், ஆனால் மாறியதும் ஓர் எண்தான். இருபத்தைந்தாவது மாதம் போல முகத்தில் எழுதி ஒட்டியிருக்காது. நிரலாளர் சோதிக்கும்போது 0 கொடுத்துப் பார்ப்பார், ஒழுங்காக ஓடும்.

அடுத்த சங்கடம் இயந்திரத்தைப் பொறுத்தது. பெருமுனை இயந்திரத்தில் அந்தத் திருப்பும் கட்டளைக்கு வேலையே இல்லை. ஏற்கெனவே வலை வழக்கமும் அதன் வழக்கமும் ஒன்று. ஆகவே அங்கே கட்டளையை மறந்தாலும் ஓடும், இரண்டு முறை போட்டாலும் ஓடும், தப்பான இடத்தில் போட்டாலும் ஓடும். 1980-களின் பிற்பகுதியில் பல்கலைக்கழகங்களில் பரவியிருந்த சன் கணினிகள் பெருமுனைக் கட்சி. அங்கே எழுதி, அங்கேயே சோதித்து, நன்றாக ஓடுகிறது என்று முத்திரை குத்திய நிரல், இன்டெல் இயந்திரத்துக்கு வந்ததும் படுத்துவிடும்.

மூன்றாவது சங்கடம் இன்னும் விசேஷம். இரண்டு சிறுமுனை இயந்திரங்கள் பேசிக்கொள்கின்றன, இரண்டிலும் ஒரே நிரல், இரண்டு பக்கமும் திருப்ப மறந்துவிட்டது. மறதியும் மறதியும் சேர்ந்து எண் சரியாகவே போய்ச் சேரும்! பல வருடம் கழித்து, விதியைச் சரியாகக் கடைப்பிடிக்கும் மூன்றாவது இயந்திரம் ஒன்று வந்து சேர்ந்தால், குற்றவாளி என்று அதைத்தான் பிடிப்பார்கள்.

இத்தனைக்கும் நிரல் எழுதப்படும் ‘சி’ மொழி ஒன்றும் சொல்லாதா? 1972-வாக்கில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கிய அந்த மொழிக்கு, நான்கு பைட் எண் என்றால் நான்கு பைட் எண், அவ்வளவுதான். அதைப் பெருமுனையில் வைத்திருக்கிறார்களா, சிறுமுனையிலா என்று எழுத அதில் இடமே கிடையாது. பேரேட்டில் தொகை எழுதக் கட்டம் இருக்கிறது, ரூபாயா பிராங்கா என்று எழுதக் கட்டம் இல்லை. எந்தத் தணிக்கையாளர் வந்து என்ன செய்ய முடியும்?

தமிழ் திரும்பினால் என்ன ஆகும்?

இது ஏதோ இயந்திரக்காரர் சமாசாரம், நமக்கென்ன என்று நினைப்பவர்களுக்காக ஒரு சின்னக் கணக்கு. யூனிகோடில் தமிழுக்கு ஒதுக்கிய இடம் 2944 முதல் 3071 வரை. இரண்டு பைட்டில் எழுதினால் எல்லாத் தமிழ் எழுத்துக்கும் பெரிய பைட் 11. ‘க’ என்பது 11, 149. அதாவது 2965. இதைத் திருப்பிப் படித்தால் 149, 11. அது 38,155. அந்த எண்ணில் இருப்பது வாளின் கூர்முனையைக் குறிக்கும் ஒரு சீன எழுத்து.

‘தமிழ்’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். யூனிகோடில் அது ஐந்து எண்கள்: த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி. இவற்றை 2980, 2990, 3007, 2996, 3021 என்று சேமிக்கிறோம். பைட்டுகளைத் திருப்பினால் 41,995, 44,555, 48,907, 46,091, 52,491. முதல் எண் தென்மேற்குச் சீனத்தில் வாழும் யி மக்களின் எழுத்து. மீதி நான்கும் கொரிய எழுத்துகள். திரையில் கட்டம் கட்டமாகவோ கேள்விக்குறியாகவோ வந்தால் ஏதோ கெட்டுப்போயிற்று என்று நமக்குத் தெரியும். இது அப்படியில்லை. ஒழுங்கான, அழகான, உலகம் ஒப்புக்கொண்ட எழுத்துகளாகவே வரும். நம்முடையது மட்டும் அல்ல.

இதற்கு யூனிகோடில் ஓர் அடையாளம் வைத்தார்கள். கோப்பின் தலையில் 65,279 என்ற எண்ணை முதலில் எழுத வேண்டும். படிப்பவருக்கு அது 65,279 என்றே வந்தால் வரிசை சரி. 65,534 என்று வந்தால் திருப்பிப் படிக்கிறோம் என்று பொருள். ஏனென்றால் 65,534 என்ற எண்ணை எந்த எழுத்துக்கும் எக்காலத்திலும் கொடுப்பதில்லை என்று விதி. இருபத்தைந்தாவது மாதத்தை வேண்டுமென்றே முதல் வரியில் எழுதி வைப்பது போல. ஆனால் இந்தக் குறியை இடாமல் விட்டவர்கள் அநேகம்.

இன்னொரு வழி, கேள்வியே எழாமல் செய்வது. 1992-இல் கென் தாம்சனும் ராப் பைக்கும் வகுத்த யூ.டி.எஃப்.-8 என்ற முறையில் பைட்டுகளின் வரிசை ஒன்றே ஒன்றுதான். பெருமுனைக்காரரும் சிறுமுனைக்காரரும் ஒரே மாதிரிதான் எழுத முடியும். ‘க’ அதில் 224, 174, 149 என்று மூன்று பைட். இரண்டு பைட்டில் முடிய வேண்டியதற்கு மூன்று பிடிக்கிறதே என்று தமிழ்க் கணிமைக்காரர்கள் அந்தக் காலத்தில் குறைப்பட்டதுண்டு. ஆனால் இன்று நீங்கள் இணையத்தில் படிக்கும் தமிழ் ஏறக்குறைய முழுவதும் இந்த முறையில்தான் வருகிறது. அதனால்தான் அது கொரிய மொழியாகாமல் வந்து சேர்கிறது. 2010 ஜூனில், கோவைச் செம்மொழி மாநாட்டின்போது, தமிழக அரசு யூனிகோடோடு சேர்த்து ‘டேஸ் 16’ என்ற பதினாறு பிட் முறையையும் ஏற்றது. பதினாறு பிட் என்றால் இரண்டு பைட். இரண்டு பைட் என்றால் எது முன்னால் என்ற கேள்வி அங்கேயும் கூடவே வரும்.

பெரிய எழுத்தில் குடும்பப்பெயர்

இனி மூன்றாவது வழி. இதற்கு என் பள்ளிக்கூடத்திலிருந்து ஆரம்பிக்கிறேன்.

புதுச்சேரியில் நான் படித்த பிரெஞ்சுப் பள்ளியில் முதல் பாடமே பெயர் எழுதுவதுதான். குடும்பப்பெயரை முழுக்கப் பெரிய எழுத்தில் எழுத வேண்டும், இட்ட பெயரைச் சாதாரணமாக எழுத வேண்டும். பிரெஞ்சுப் பதிவேடுகளில் சில இடத்தில் குடும்பப்பெயர் முன்னால், சில இடத்தில் பின்னால். 1881-ஆம் ஆண்டு ஆணைக்குப் பிறகு புதுச்சேரித் தமிழர்களில் ‘ரெனோன்சான்’ ஆனவர்கள் புதிதாகக் குடும்பப்பெயர் வைத்துக்கொண்டார்கள். அவற்றில் எது எந்தப் பெயர் என்று வெளியாருக்குத் தெரியாது. ஆனால் பெரிய எழுத்தில் இருந்தால் எந்த வரிசையில் எழுதினாலும் குழப்பமில்லை. வரிசையை நினைவில் வைத்திருக்க வேண்டியதில்லை. அடையாளம் பெயரோடேயே போகிறது.

‘சி’ மொழி நிரல்களுக்கு நடந்ததும் இதுதான். லினக்ஸ் என்ற இயக்குதளத்தைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2003-இல் ‘ஸ்பார்ஸ்’ என்ற ஒரு சிறு கருவி எழுதினார். அது நிரலை ஓட விடாது. எழுத்து வடிவிலேயே வரி வரியாகப் படித்து ஆட்சேபம் எழுப்பும். கோப்பு மேலிடத்துக்குப் போகுமுன் கண்காணிப்பாளர் குறிப்பெழுதித் திருப்பி அனுப்புவது போல. முதலில் அது வேறொரு தப்பைப் பிடிக்க வந்தது. வெளி நிரல்கள் கொடுக்கும் முகவரியை லினக்ஸின் உட்கருவான கெர்னல் தன் சொந்த முகவரி போல நம்பி எடுத்துவிடக் கூடாது என்பதற்காக. வெளி முகவரிகள் ஒவ்வொன்றின் பக்கத்திலும் ‘இது வெளியாருடையது’ என்று குறிப்பெழுதி வைத்தார்கள். குறிப்புள்ளதை நேராகத் தொட்டால் ஸ்பார்ஸ் கத்தும்.

2004 முதல் அதே உபாயத்தைப் பைட் வரிசைக்கும் பயன்படுத்தினார்கள். அல் விரோ என்ற கெர்னல் நிரலாளருக்கு இதில் பெரும்பங்கு. வெறும் ‘நான்கு பைட் எண்’ என்று எழுதி வந்த இடங்களில் ‘பெருமுனை நான்கு பைட்’, ‘சிறுமுனை நான்கு பைட்’ என்று வகை பிரித்துக் குறித்தார்கள். ‘சி’ மொழிக் கம்பைலருக்கு இந்தக் குறிப்பு கண்ணில் படாது. அதற்கு இரண்டும் பழைய எண்தான். ஆகவே ஓடும் நிரலின் வேகம் துளியும் குறையாது, அளவு ஒரு பைட்கூடக் கூடாது. ஸ்பார்ஸ் கண்ணுக்கு மட்டும் அவை வெவ்வேறு சாதிச் சரக்கு. திருப்பும் கட்டளை வழியாகப் போனால் மட்டுமே ஒன்று மற்றொன்றாகலாம். மறந்தால் ஆட்சேபம். இரண்டு முறை திருப்பினாலும் ஆட்சேபம். பெருமுனை இயந்திரத்தில் உட்கார்ந்து எழுதினாலும் அதே ஆட்சேபம். சோதனையில் சிக்காத மூன்று சங்கடங்களும் இங்கே சிக்கிவிட்டன.

அந்தக் கருவியின் விதிகளில் எனக்குப் பிடித்தது அவற்றின் நியாயம். குறிப்பிட்ட எண்கள் இரண்டைச் சமமா என்று ஒப்பிடலாம், தடையில்லை. ஏனென்றால் இரண்டும் ஒரே மாதிரி தலைகீழாக இருந்தாலும் சமம் சமம்தான். ஆனால் எது பெரியது என்று கேட்கக் கூடாது, கூட்டக் கூடாது. அதற்கு இடமதிப்பு தெரிந்தாக வேண்டும். பூஜ்யத்தை மட்டும் எங்கேயும் திருப்பாமல் போடலாம், அதற்கு முன்னும் பின்னும் ஒன்று. கணக்குத் தெரிந்தவர் எழுதிய அலுவலக விதிகள்!

ஆனால் இது ஒரே நாளில் நிலைக்கவில்லை. தொடக்கத்தில் ஆட்சேபங்கள் மலையாகக் குவிந்தன. கெர்னலில் கருவிக்குக் கருவி எத்தனையோ பேர் எழுதிய பழைய பகுதிகள், எதிலும் குறிப்பில்லை. தணிக்கையில் ஆயிரம் பத்தி ஆட்சேபம் வந்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாதா? ஒன்றுக்கும் பதில் போகாது. அதனால் வரிசைச் சோதனையை ‘வேண்டுபவர் கேட்டால் மட்டும்’ என்று வைத்திருந்தார்கள். ஒவ்வொரு பகுதியாகச் சுத்தம் செய்து, 2016 டிசம்பரில்தான் ஸ்பார்ஸை ஓட்டும்போதெல்லாம் அந்தச் சோதனையும் தானாகவே நடக்கும்படி மாற்றினார்கள். பன்னிரண்டு ஆண்டு ஆயிற்று.

கருவிக்கும் எல்லை உண்டு. குறிப்பே தப்பாக எழுதியிருந்தால் அது அதையே நம்பும். இயந்திரத்தின் கையேட்டில் ‘சிறுமுனை’ என்றிருக்க, நிரலாளர் ‘பெருமுனை’ என்று குறித்தால் ஸ்பார்ஸ் என்ன செய்யும்? மேலும் ‘இதை எனக்குத் தெரியும், விட்டுவிடு’ என்று சொல்லும் ஒரு சிறப்பு அனுமதியும் இருக்கிறது. அவசியமான இடங்கள் சில உண்டு. ஆட்சேபத்தை வாயடைக்க அதைக் குத்துபவர்களும் உண்டு. ரப்பர் ஸ்டாம்பு எந்த நாட்டில்தான் இல்லை? ஒரு வித்தியாசம்: அந்த அனுமதி எழுத்தில் இருக்கிறது. நாளைக்கு ஒருவர் தேடினால் எந்த வரியில் குத்தப்பட்டது என்று கண்டுபிடிக்கலாம்.

இன்று நம் கணினிகளும் கைப்பேசிகளும் பெரும்பாலும் சிறுமுனைக் கட்சி. சென்னை ஐ.ஐ.டி. வடிவமைத்து 2018-இல் லினக்ஸை ஓட்டிக் காட்டிய ‘சக்தி’ சில்லும் அப்படியே. இணையக் கம்பியோ 1981 போலவே பெருமுனை. ஆகவே உங்கள் பையில் உள்ள ஆண்ட்ராய்டு கைப்பேசி, உள்ளே இருப்பது லினக்ஸ் கெர்னல்தான், ஒவ்வொரு செய்திக்கும் எண்களைத் திருப்பிக்கொண்டே இருக்கிறது. இரு கட்சியும் ஒன்றாகவில்லை. எல்லையில் பலகை நட்டதால் போக்குவரத்து நடக்கிறது.

நம் வீட்டு அலமாரி

அந்த நிரலாளர்கள் கவனக்குறைவானவர்கள் அல்ல. உலகிலேயே கெட்டிக்காரர்கள். அவர்களுக்கே ‘கவனமாக இரு’ என்ற அறிவுரை போதவில்லை. எந்த எண் எந்த வரிசையில் இருக்கிறது என்பது எழுதியவரின் மண்டையில் மட்டும் இருந்த வரை தப்பு வந்துகொண்டே இருந்தது. அதை எண்ணின் பக்கத்திலேயே எழுதி வைத்து, எழுதியவரல்லாத ஒருவர் ஒப்பிட்டுப் பார்க்கும்படி செய்த பிறகுதான் அடங்கியது. மண்டையில் உள்ளது ஓய்வு பெறும் நாளில் நம்மோடு வீட்டுக்கு வந்துவிடும். கோப்பு அலுவலகத்திலேயே கிடக்கும்.

என் வயதுக்காரர்களுக்கு இதில் ஒரு சொந்த வேலை இருக்கிறது. 1990-களிலும் அதற்குப் பிறகும் நாம் பலர் கணினியில் தமிழ் எழுதினோம். குடும்ப வரலாறு, கோயில் மலர், தகப்பனார் சொன்ன கதைகள், சங்கத்தின் நடவடிக்கைக் குறிப்பு. பாமினியில் எழுதியவர் உண்டு, வானவில்லில் எழுதியவர் உண்டு, திஸ்கியில், டாபில், டாமில் எழுதியவர் உண்டு. அவை இன்று பழைய சி.டி.யிலோ, ஓடாத கணினியிலோ கிடக்கின்றன. திறந்தால் புரியாத குறிகள், அல்லது ‘ேதைவ’. யூனிகோடுக்கு மாற்றித் தரும் நிரல்கள் கிடைக்கின்றன. ஆனால் எந்த எழுத்துருவில் எழுதியது என்று அவற்றுக்கு நாம்தான் சொல்ல வேண்டும். கோப்பில் அது எழுதியிருக்காது. எழுதியவருக்குத்தான் தெரியும்.

ஆகவே, இந்த வாரம் அந்த அலமாரியைத் திறவுங்கள். ஒவ்வொரு சி.டி.யின் உறையிலும் பேனாவால், எந்த எழுத்துரு, எந்த விசைப்பலகை, ஏறக்குறைய எந்த வருடம் என்று மூன்று வரி எழுதுங்கள். தேதி போட்டால் மாதத்தை எழுத்தால் எழுதுங்கள். பேரன் பேத்தி வரும்போது அதைக் காட்டி, யூனிகோடுக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். மாற்றியதும் முதல் பக்கத்தை நீங்களே ஒரு முறை வாசித்துப் பாருங்கள், கொம்பெல்லாம் இடத்தில் இருக்கிறதா என்று.